கார் தானா போய் நிக்கும் சரி, சாவி யார் கையில? ஏவிபி பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் ஓஎம்ஆர்ல கனெக்டட் கார் சர்வீஸ் டெஸ்டிங் பண்ற ஆளு. அதாவது நீங்க போன் ஆப்ல ஒரு பட்டனை அமுக்கினா கார்ல ஏசி ஓடுதா, ஓடலைன்னா நடுவுல எந்த சர்வர் தூங்கிட்டு இருக்குன்னு தேடற வேலை. ஆட்டோமேட்டட் வேலட் பார்க்கிங், சுருக்கமா ஏவிபி, பத்தி டீக்கடையிலயும் அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்லயும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விங்கதான் வருது, ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா இங்க.

ஏவிபின்னா தி.நகர்ல இருக்கற மெஷின் பார்க்கிங் மாதிரியா?

இல்ல. தணிகாசலம் ரோட்டுல மாநகராட்சி கட்டினது மாதிரி மெஷின் பார்க்கிங்ல காரை ஒரு தட்டு மேல ஏத்தி விட்டுட்டு நீங்க இறங்கிடுவீங்க, மெஷின் தூக்கிட்டுப் போய் ஒரு பொந்துல சொருகிடும். அங்க கார் வெறும் சாமான், பீரோ மாதிரி. ஏவிபில கார் தன் சக்கரத்துலயே உருளும். வாசல்ல இறங்கறீங்க, போன்ல ஒரு தட்டு தட்டறீங்க, டிரைவர் சீட் காலியா கார் ராம்ப் ஏறிப் போய் எங்கயோ நின்னுக்கும், கூப்பிட்டா திரும்ப வாசலுக்கு வரும். பிரான்ஸ்ல லியோன் ஏர்போர்ட்ல ஸ்டான்லி ரோபோடிக்ஸ்னு ஒரு கம்பெனியோட ரோபோ காருக்கு அடியில நுழைஞ்சு டயரோட தூக்கி நகர்த்துச்சு, அது மூணாவது ரகம்.

நிஜமா எங்கயாவது ஓடுதா, இல்ல எல்லாம் யூடியூப் வீடியோ தானா?

ஓடுது. ஜெர்மனில ஸ்டுட்கார்ட் ஏர்போர்ட், ஆப்கோவா நடத்தற பி6 பார்க்கிங். போஷும் மெர்சிடிஸும் சேர்ந்து போட்டது. 2022 நவம்பர்ல அந்த நாட்டு வாகன ஆணையம் கமர்ஷியலா ஓட்ட அனுமதி குடுத்துச்சு, தானியங்கி ஓட்டத்துக்கு எஸ்ஏஇங்கற அமைப்பு வெச்ச அளவுகோல்ல லெவல் 4ல, அதாவது உள்ள ஆளே இல்லாம. அதுக்கு முன்னாடி அதே ஊர்ல மெர்சிடிஸ் மியூசியம் பார்க்கிங்ல வருஷக்கணக்கா சோதிச்சு, 2019 ஜூலைல அதுக்கு தனி அனுமதி வாங்கினாங்க. அங்க ஒரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சது, கார் ஆளில்லாம ஓடறப்ப பச்சை கலந்த நீலத்துல ஒரு லைட் எரியும், நடந்து போறவங்களுக்குத் தெரியணும்னு. நம்ம ஊர்ல அதைப் பாத்து செல்ஃபி எடுக்க நாலு பேரு காருக்கு முன்னாடி வந்து நிப்பாங்க, அது வேற டெஸ்ட் கேஸ்.

ஆனா எல்லா காரும் இல்ல. 2022 ஜூலைக்கு அப்புறம் தயாரான எஸ் கிளாஸ், இக்யூஎஸ்ல அந்த வசதி போட்ட வண்டிகளுக்குத்தான்னு ஆரம்பிச்சாங்க.

ஓட்டறது யாரு, காரா பில்டிங்கா?

ரெண்டுல எதுவா வேணா இருக்கலாம். 2023ல வந்த ஐஎஸ்ஓ 23374-1ங்கற ஸ்டாண்டர்ட் இதை மூணா பிரிக்குது. ஒண்ணுல கார்ல இருக்கற சென்சாரும் கம்ப்யூட்டருமே பாத்து ஓட்டும். இன்னொண்ணுல பில்டிங் சுவர்ல கூரைல இருக்கற கேமராதான் கண்ணு, பில்டிங்ல இருக்கற கம்ப்யூட்டர்தான் மூளை, கார் சொன்னதைக் கேட்டு ஸ்டியரிங் திருப்பும். மூணாவதுல ரெண்டு பேரும் வேலையைப் பங்கு போட்டுக்கறது. ஸ்டுட்கார்ட்ல நடக்கறது பில்டிங் ஓட்டற ரகம். அதுல லாபம் என்னன்னா விலை அதிகமான சென்சாரை ஒவ்வொரு கார்லயும் வைக்க வேண்டாம், பில்டிங்ல ஒரு தடவை வெச்சா போதும், பில்லருக்குப் பின்னாடி குழந்தை ஓடி வர்றதைக் கூட மேல இருக்கற கேமரா முன்னாடியே பாத்துடும். நஷ்டம், அந்த பில்டிங்கை விட்டு வெளிய வந்தா காருக்கு ஒண்ணும் தெரியாது.

அப்ப என் கார் ஆப்புக்கு இதுல என்ன வேலை? பில்டிங்தானே ஓட்டுது?

இங்கதான் விஷயமே இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க.

போன முகூர்த்த சீசன்ல வடபழனி பக்கம் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசல்ல வேலட் பையன்கிட்ட சாவி குடுத்தேன், 47னு பேனாவால எழுதின ஒரு அட்டை குடுத்தான். சாவியை ஆணி அடிச்ச ஒரு பலகைல 47க்கு நேரா மாட்டினான். நான் பந்தில உக்காந்து ரசம் ஊத்தறப்ப போன் அதிருது, உங்க வண்டி வேலட் லிமிட்டைத் தாண்டி போகுதுன்னு. பாத்தா கார் ரெண்டு தெரு தள்ளி யாரோ வீட்டு கேட்டுக்கு முன்னாடி. மண்டபத்துல இடம் இல்லைன்னு அங்க கொண்டு போய் விட்டிருக்கான், பாவம், அவனுக்கும் வேற வழி இல்ல.

இதுல மூணு பேரு இருக்காங்க பாத்தீங்களா. சாவியை வெச்சிருக்கற மண்டபம், கார் எங்க இருக்குன்னு தெரிஞ்ச கார் கம்பெனி சர்வர், சொந்தக்காரனான நான். மூணு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கல. ஏவிபிலயும் அதே மூணு பேருதான், ஆனா அங்க பேசியே ஆகணும். பார்க்கிங் நடத்தறவரோட சர்வர் ஒண்ணு, கார் கம்பெனியோட சர்வர் ஒண்ணு, உங்க ஆப்புக்குப் பின்னாடி இருக்கற சர்வர் ஒண்ணு. அந்த ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டும் கிட்டத்தட்ட இப்படித்தான் தனித்தனி பாத்திரமா எழுதி வெச்சிருக்கு. கார் ஓட்டறது பாதி வேலை கூட இல்ல, இந்த மூணு பேரையும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி நம்ப வைக்கறதுதான் கஷ்டம்.

உதாரணம் சொல்றேன். கார் உள்ள உருண்டுட்டு இருக்கறப்ப வீட்டுல இருந்து உங்க மனைவி அதே ஆப்பைத் திறந்து கதவை அன்லாக் பண்றாங்க, ஏன்னா அவங்களுக்கு கார் எங்க இருக்குன்னே தெரியாது. என்ன ஆகணும்? கட்டளை மறுக்கப்படணும், ஏன்னும் சொல்லணும். அதே மாதிரி, சாவி இல்லாம கார் நகருதுன்னு திருட்டு அலாரம் கிளம்பக்கூடாது. ராத்திரி 2 மணிக்கு சாஃப்ட்வேர் அப்டேட் இறங்க ஆரம்பிச்சுதுன்னா அது முடியற வரைக்கும் காரை நகர்த்த முடியாது, நீங்க 2:10க்கு ஃப்ளைட்ல இறங்கி காரைக் கூப்பிடறீங்க. இதெல்லாம் தனித்தனியா பாத்தா எல்லாமே சரியா வேலை செய்யற ஃபீச்சர், சேர்த்து வெச்சா சண்டை. அதனால வண்டி பார்க்கிங்காரர் பொறுப்புல இருக்கற வரைக்கும் ரிமோட் ஸ்டார்ட், அன்லாக், அப்டேட் எல்லாத்தையும் கார் கம்பெனி சர்வர் பூட்டி வைக்கணும், திருப்பி ஒப்படைச்ச உடனே திறக்கணும்.

இன்னொண்ணு, யாரு சொல்றது உண்மைன்னு முன்னாடியே முடிவு பண்ணணும். கார் எந்த மாடில எந்த இடத்துலன்னா பார்க்கிங் சர்வர் சொல்றதுதான் கணக்கு. கதவு மூடியிருக்கா, பேட்டரி எவ்வளவுன்னா கார் சொல்றதுதான். பணம் கட்டியாச்சான்னா ஆப் பக்கம். ரெண்டு பேரு ஒரே விஷயத்தைச் சொல்ல விட்டா ஒரு நாள் ஆப்ல பார்க் ஆச்சுன்னு காட்டும், கார் ராம்ப்ல நின்னுட்டு இருக்கும்.

சாவி கைமாறுற நேரத்துல என்னதான் நடக்குது?

நீங்க டிராப் ஆஃப் இடத்துல நிறுத்தறீங்க. பார்க்கிங் பக்கம் முதல்ல பாக்கறது, இது எந்த கார். கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும், ஸ்டுட்கார்ட்ல அப்படித்தான், டிக்கெட்டே கிடையாது. நம்ம ஊர்ல 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டில ஹை செக்யூரிட்டி பிளேட் இருக்கும், அதுக்கு முந்தினதுல குலதெய்வம் பேரு பெரிசாவும் நம்பர் அதுக்குக் கீழ பொடியாவும் எழுதியிருப்பாங்க, அந்த கேமராவை நினைச்சா எனக்கே பாவமா இருக்கு. பிளேட் மட்டும் போதாது, சர்வர்ல பேசற காரும் கண்ணு முன்னாடி நிக்கற காரும் ஒண்ணுதானான்னு உறுதி பண்ணணும், இல்லைன்னா பக்கத்துல நிக்கற கார் கிளம்பிடும். அதுக்கு இண்டிகேட்டரை ஒரு குறிப்பிட்ட தாளத்துல அடிக்கச் சொல்லி கேமரால பாத்துக்கற மாதிரி எல்லாம் டிசைன் பண்ணலாம்.

அப்புறம் கார்கிட்ட கேள்வி: எல்லா கதவும் மூடியாச்சா, டிக்கி மூடியாச்சா, உள்ள யாராவது இருக்காங்களா, சார்ஜோ பெட்ரோலோ போதுமா, பிரேக் ஸ்டியரிங்ல ஏதாவது ஃபால்ட் இருக்கா. எல்லாம் சரின்னா நீங்க ஆப்ல ஒப்படைக்கறேன்னு அமுக்கணும், பார்க்கிங் சர்வர் ஏத்துக்கிட்டேன்னு சொல்லணும், கார் ஒத்துக்கணும். இந்த மூணுல ஒண்ணு வரலைன்னாலும் கார் அசையக்கூடாது, பொறுப்பும் உங்ககிட்டயேதான் இருக்கும். அந்த ஏத்துக்கிட்டேன்ங்கற பதில் திரைல வர்றதுக்கு முன்னாடி நீங்க லக்கேஜ் இழுத்துட்டு ஓடிட்டீங்கன்னா கார் நடுவழில அனாதையா நிக்கும், பின்னாடி பத்து கார் ஹாரன் அடிக்கும்.

திரும்பக் கூப்பிடறப்ப இதே கதை தலைகீழா. அதுல ஒரு தொல்லை, மனுஷன் பட்டனை ஒரு தடவை அமுக்கிட்டு சும்மா இருக்க மாட்டான். லிஃப்ட் பட்டனை நாம எத்தனை தடவை குத்தறோம்? அதனால ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு நம்பர் குடுத்து, அதே நம்பர் அஞ்சு தடவை வந்தாலும் கார் ஒரு தடவைதான் கிளம்பணும்னு எழுதணும். கேக்கறதுக்கு சின்ன விஷயம், எங்க டெஸ்டிங்ல அதிகமா மாட்டற பக் இந்த ரகம்தான்.

பேஸ்மென்ட்ல டவரே கிடைக்காதே அண்ணா, எப்படி ஓட்டும்?

நல்ல கேள்வி. எங்க அபார்ட்மென்ட்ல ரெண்டாவது பேஸ்மென்ட்ல காரை விட்டுட்டு மேல வந்து ஆப்பைப் பாத்தா கார் இன்னும் கேட் வாசல்லயே நிக்கற மாதிரி காட்டும். ஏன்னா கடைசியா ஜிபிஎஸ்ஸும் டவரும் கிடைச்சது அங்கதான், அப்புறம் வண்டி பேசவே இல்ல.

அதனால ஓட்டற கட்டளை எதுவும் கார் கம்பெனி சர்வர் வழியா போகாது, போகவும் கூடாது. இப்ப திரும்பு, இப்ப நில்லுங்கறது எல்லாம் பில்டிங்குக்குள்ளயே இருக்கற கம்ப்யூட்டர்ல இருந்து வைஃபை மாதிரி லோக்கல் ரேடியோல நேரா காருக்கு. விட்டு விட்டு இல்லாம தொடர்ந்து இருக்கேன் இருக்கேன்னு ஒரு சிக்னல் வந்துட்டே இருக்கணும், அது நின்னா கார் அந்த இடத்துலயே நின்னுடும். மேல இருக்கற சர்வர்களுக்கு நடுவுல போறது பெரிய விஷயங்கள் மட்டும்தான், வந்தாச்சு, ஒப்படைச்சாச்சு, நிறுத்தியாச்சு, கூப்பிடறாங்க, இவ்வளவு ரூபா. அது ரெண்டு செகண்ட் லேட் ஆனாலும் யாரும் சாக மாட்டாங்க.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. நிறுத்தின அப்புறம் கார் தூங்கிடும், தூங்கலைன்னா 12 வோல்ட் பேட்டரி இறங்கிடும். தூங்கற காரை யாரு எழுப்பறது? சாதாரணமா கனெக்டட் காரை மொபைல் நெட்வொர்க் வழியாத்தான் தட்டி எழுப்புவாங்க. டவர் இல்லாத பேஸ்மென்ட்ல அது ஆகாது. அப்ப ஒண்ணு பில்டிங்ல உள்ளயே மொபைல் ஆன்டெனா போடணும், இல்ல லோக்கல் ரேடியோ வழியா எழுப்பற மாதிரி காரைச் செய்யணும். கட்டடம் கட்டறவங்ககிட்ட இதைச் சொன்னா கேமராவுக்கு மட்டும்தானே சார் பட்ஜெட்னு கேப்பாங்க.

என் ஹூண்டாய் கார்ல ப்ளூலிங்க் ஆப் இருக்கு, எங்க அப்பாவோட டாடா கார்ல ஐரா ஆப் இருக்கு, நாளைக்கே இது வேலை செய்யுமா?

செய்யாது. ஆப்ல இருந்து ஏசி போடறதும் ஸ்டியரிங் பிரேக்கை வெளி ஆளு கட்டளைக்குக் குடுக்கறதும் மலைக்கும் மடுவுக்கும். டாடா ஹாரியர் இவில காரை முன்னும் பின்னும் நகர்த்தற சம்மன் மோட் இருக்கு, மஹிந்திரா எக்ஸ்இவி 9இல ஆட்டோ பார்க் இருக்கு, இதெல்லாம் நீங்க பக்கத்துல இருந்து பாத்துட்டே பண்றது, பொறுப்பு உங்களோடது. நீங்க மேல போய் தோசை சாப்பிடறப்ப கார் தானா மூணு மாடி ஏறறது இல்ல.

ஃபாஸ்டேக் இருக்கே, அதை வெச்சே முடிச்சுடலாமே?

பணம் கட்ட போதும். ஆனா ஃபாஸ்டேக்ங்கறது கண்ணாடில ஒட்டின ஒரு ஸ்டிக்கர், ரீடர் அலை அடிச்சா நம்பரைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். காரோட பிரேக்குக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. காரை ஓட்டற அதிகாரத்தை ஸ்டிக்கரை நம்பிக் குடுக்க முடியாது.

இடிச்சா யாரு காசு குடுப்பா?

எல்லாரும் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி இது, கடைசிலதான் கேக்கறாங்க. மனுஷ வேலட்டுக்கே நம்ம நாட்டுல இது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. டெல்லில ஒரு ஸ்டார் ஹோட்டல்ல 1998ல வேலட்கிட்ட குடுத்த மாருதி ஜென் திருடு போச்சு, ஹோட்டல்காரங்க டோக்கன்ல ஓனர் ரிஸ்க்னு போட்டிருக்குன்னு சொன்னாங்க, 2019 நவம்பர்ல கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா சாவியை வாங்கி வண்டியைப் பொறுப்புல எடுத்துக்கிட்டா பத்திரமா திருப்பித் தரணும், அப்படி அச்சடிச்சு வெச்சுட்டு சொந்த அலட்சியத்துல இருந்து தப்பிக்க முடியாதுன்னு. அத்தனை வருஷம் ஓடினது சாவி யார் கையில இருந்துச்சுங்கற கேள்வி மேலதான்.

ஏவிபில சாவி கிடையாது, எப்ப என்ன நடந்துச்சுன்னு சர்வர் குறிச்சு வெக்கற லாக் ஃபைல்தான் சாவி. 7:42:10க்கு பார்க்கிங்காரர் ஏத்துக்கிட்டார், 7:43:05க்கு இடிச்சுதுன்னா அவர் பக்கம் பாக்கணும். கட்டளை சரியா போச்சு, கார்தான் பிரேக் பிடிக்கலைன்னா கம்பெனி பக்கம். அதுக்கு மூணு சர்வரோட கடிகாரமும் ஒத்துப் போகணும். என் அனுபவத்துல மூணு கம்பெனி கடிகாரம் தானா ஒத்துப் போய் நான் பாத்ததே இல்ல.

சட்டம் பக்கம் ஜெர்மனில 2021லயே லெவல் 4க்கு சட்டம் போட்டு, தூரத்துல இருந்து ஒரு மனுஷன் கண்காணிக்கணும்னு வெச்சுட்டாங்க. நம்ம மோட்டார் வாகனச் சட்டம் 1988 டிரைவர்னு ஒரு ஆளு, அவர்கிட்ட லைசென்ஸ்னுதான் ஆரம்பிக்குது. தனியார் பில்டிங்தானேன்னு தள்ளிவிடவும் முடியாது, பொதுமக்கள் உள்ள வர உரிமை உள்ள இடம் எல்லாமே அந்தச் சட்டப்படி பொது இடம். நிதின் கட்கரி வேற டிரைவர் இல்லாத கார் வேண்டாம், வேலை போயிடும்னு பல தடவை சொல்லிட்டார்.

ஹேக் பண்ணிட்டா?

பண்ண முயற்சி பண்ணுவாங்க, சந்தேகமே வேண்டாம். அதனால ஒவ்வொரு கட்டளைக்கும் டிஜிட்டல் கையெழுத்து, அனுப்பினது யாருன்னு காட்டற சர்டிஃபிகேட், மெதுவான வேகம், அந்த பில்டிங்கை விட்டு வெளிய போக அனுமதி இல்லாத மாதிரி காருக்குள்ளயே ஒரு வேலி. பில்டிங் என்ன சொன்னாலும் கார் தன் பங்குக்கு ஒரு தடவை யோசிச்சுட்டுதான் செய்யணும்.

மழை வெள்ளம் வந்தா பேஸ்மென்ட்ல மாட்டின காரை இது காப்பாத்துமா?

இதைக் கேட்டது வேளச்சேரி ஃப்ரெண்ட், வேற யாரு கேப்பா. 2023 டிசம்பர் மிக்ஜாம்ல அவன் கார் முங்கினது, 2024 அக்டோபர்ல ரெட் அலர்ட்னு சொன்ன உடனே ஊரோட சேர்ந்து அவனும் ராத்திரியே மேம்பாலத்து மேல கொண்டு போய் நிறுத்திட்டான். அந்த வரிசையை எல்லாரும் போட்டோல பாத்திருப்பீங்க.

நியாயமா பாத்தா ஏவிபிக்கு சென்னைல இதைவிட நல்ல காரணம் கிடையாது. பேஸ்மென்ட்ல 300 கார், ஓனர்ல பாதி பேரு ஊர்ல இல்ல, மழை எச்சரிக்கை வந்த உடனே கீழ் மாடில இருக்கறதை எல்லாம் மேல் மாடிக்கு வரிசையா ஏத்தினா எவ்வளவு நல்லா இருக்கும். ஆனா ஓனரைக் கேக்காம பார்க்கிங்காரர் நகர்த்தலாமா? ஒரே பொறுப்புக் காலத்துக்குள்ள, ஒரே பில்டிங்குக்குள்ள இடம் மாத்தறதுன்னா ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கிக்கலாம், நகர்த்தின உடனே ஆப்ல மெசேஜ் போனா போதும். தண்ணி வர்றதுக்கு முன்னாடி செய்யணும், அது முக்கியம். கரன்ட் போச்சுன்னா கேமரா போச்சு, நெட்வொர்க் போச்சு, எல்லா காரும் நின்ன இடத்துலயே நின்னுடும், ராம்ப் நடுவுல ஒண்ணு நின்னா பின்னாடி இருக்கற எதுவும் வர முடியாது. யூபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் பேஸ்மென்ட்ல வைக்காதீங்கப்பா, தயவுசெஞ்சு.

சென்னைல முதல்ல எங்க வரும்?

மீனம்பாக்கம்தான்னு என் ஊகம். 2022 டிசம்பர்ல திறந்த ஏர்போர்ட் மல்டி லெவல் பார்க்கிங்ல 2,000 காருக்கு மேல நிக்கும், கையில லக்கேஜ், தலைல டென்ஷன், கிளம்பற நேரமும் திரும்பற நேரமும் டிக்கெட்லயே இருக்கு. ஃப்ளைட் லேட்னா கார் லேட்டா எழுந்துக்கலாம், முன்னாடியே வந்துட்டா முன்னாடியே. ஆனா ஆளும் ஆட்டோவும் குறுக்க மறுக்க போற இடத்துல ஆரம்பிக்காம, ஒரு மாடியை மட்டும் கேட் போட்டு தனியா ஒதுக்கி ஆரம்பிச்சா பொழைக்கும். மால், கல்யாண மண்டபம் எல்லாம் ரொம்பப் பின்னாடி.

அப்ப வேலட் பசங்க நிலைமை?

எனக்கும் தெளிவான பதில் இல்ல. நின்னு போன காரை எடுக்க, டயர் பஞ்சரானதைத் தள்ள, குழம்பிப் போய் நிக்கற பெரியவருக்கு ஆப் காட்டிக் குடுக்க ஆளு வேணும்தான், ஆனா பத்து பேரு செஞ்ச இடத்துல ரெண்டு பேரு. சம்பளம் கூடுமான்னு கேட்டா முதலாளியைப் பொறுத்தது.

அதெல்லாம் வர்றப்ப வரட்டும், இன்னிக்கு வேலட்ல விடறப்ப ஆப்பை வெச்சு என்ன பண்ணலாம்?

வேலட் அலர்ட், ஜியோ ஃபென்ஸ் (நீங்க போட்ட எல்லையைத் தாண்டினா சொல்றது), ஸ்பீட் அலர்ட் மூணுல எது உங்க ஆப்ல இருக்கோ அதை சாவி குடுக்கறதுக்கு முன்னாடியே போட்டு விடுங்க, உள்ள போய் போட மறந்துடுவீங்க. பேஸ்மென்ட்டா இருந்தா அலர்ட் வராதுன்னு தெரிஞ்சுக்கோங்க. கிலோமீட்டர் ரீடிங்கும் நாலு பக்கமும் ஒரு போட்டோ. டேஷ்போர்டுல ஆர்சி, வீட்டு சாவி வைக்காதீங்க. டோக்கனையும் அங்கயே போட்டோ எடுத்து வீட்டு குரூப்ல போட்டுடுங்க, நான் அந்த 47 அட்டையை சட்டைப் பைல வெச்சு, சட்டையை மாப்பிள்ளை ரூம்ல மாட்டிட்டு, வெறும் வேட்டியோட வாசல்ல போய் நின்னவன்.